முதலில் படிப்பு, பிறகு ஓட்டா?

தேர்தல் முடிவு வெளியாகும் நாளில், மதியத்துக்கு மேல், ஒரு வசனத்துக்குத் தவறாமல் உயிர் வந்துவிடும்: "படிக்காத ஜனங்க கையில ஓட்டைக் கொடுத்தா இப்படித்தான் ஆகும்." தோற்றது எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை. அடுக்குமாடி வளாகத்து நடைப்பயிற்சியில், அலுவலக கேன்டீனில், சலூன் நாற்காலியில் என்று எங்கும் ஒலிக்கும். சொல்பவர் எப்போதும் படித்தவராகவே இருப்பார். அந்த 'ஜனங்க'ளில் அவர் தன்னைச் சேர்த்துக்கொள்வதே இல்லை.

இந்தக் கருத்தைக் கிண்டலடித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் அதற்குப் பின்னால் கனமான ஒரு வாதம் இருக்கிறது, அதை அதன் முழுப் பலத்தோடு எடுத்துவைப்பதுதான் நியாயம். சுதந்திரம் தன்னைத் தானே காத்துக்கொள்வதில்லை. அதைக் காப்பவர்களுக்கு அரசு செய்வதைப் புரிந்துகொள்ளும் அறிவு வேண்டும். ஆசை காட்டினால் மசியாத அளவுக்குச் சொந்தக் காலில் நிற்கும் திராணி வேண்டும். தன் வீட்டு வாசலைத் தாண்டி யோசிக்கும் பொதுப்பண்பு வேண்டும். மூன்றையும் வளர்ப்பது கல்வி. ஆகவே கல்விதான் முன்நிபந்தனை, உரிமை அதன் பிறகு. வாதம் இவ்வளவுதான்.

இதற்குப் பெரிய பெரிய ஆட்களின் ஆதரவும் உண்டு. மக்கள் படித்தால்தான் கொடுங்கோன்மையை முளையிலேயே அடையாளம் காண்பார்கள் என்று நம்பிய, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜெஃபர்சன், வெர்ஜீனியாவில் பொதுக்கல்விக்கு 1779லேயே ஒரு சட்ட முன்வரைவு எழுதினார். அடிமைகளின் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் தெரியாதவருக்கு ஓட்டே கூடாது, அதிகம் படித்தவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டு தரலாம் என்று 1861ல் எழுதினார் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில். யாருடைய ஓட்டையும் கேளாமல் இந்தியாவை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியில் முப்பத்தைந்து ஆண்டு உத்தியோகம் பார்த்தவர் அவர். இவர்களெல்லாம் பழைய ஆட்கள் என்று தள்ளிவிடவும் முடியாது. நல்லது கெட்டதைப் பகுத்தறியும் சக்தியைக் கல்வி ஒன்றே தரும் என்ற பொருள்பட இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பெழுதியது 2015 டிசம்பரில்.

பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக ஒரு கருத்து சரியாகிவிடாது. மறுப்புகள் இனி.

1. இந்தச் சோதனையை இந்தியா ஏற்கெனவே நடத்தி முடித்துவிட்டது.

1935ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது ஒரு தகுதி இருந்தவருக்கே ஓட்டு. வயதுவந்தோரில் பெரும்பாலோர் வெளியேதான் நின்றார்கள். குடியரசு அந்த வேலியை ஒரே வெட்டாக வெட்டியது. 1951-52ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் வாக்காளர் 17 கோடிக்கு மேல். அவர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்கு எழுத்து தெரியாது. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்று வைத்து, பெட்டியின் மேல் சின்னத்தை ஒட்டச் செய்தார். சீட்டில் எதையும் எழுத வேண்டாம். விரும்பிய சின்னமுள்ள பெட்டியில் போட்டால் போதும்.

அதைவிடச் சுவையான செய்தி வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. கணக்கெடுக்கப் போன ஊழியர்களிடம் வட இந்தியப் பெண்கள் பலர் பெயர் சொல்ல மறுத்துவிட்டார்கள். அந்நிய ஆணிடம் பெயர் சொல்வது வழக்கமில்லை. ஆகவே 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்றே பதிவானது. பெயரில்லாத ஒருவர் வாக்காளராக முடியாது என்று சென் உறுதியாக நின்றார். சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் அடிபட்டன. கடுமையான முடிவுதான், அந்தத் தேர்தலில் அத்தனை பெண்களும் ஓட்டை இழந்தார்கள். ஆனால் அதன்பின் பெயர் சொல்லத் தொடங்கினார்கள். வீட்டுக்குள் ஒருவரின் மனைவியாக மட்டுமே இருந்தவர், அரசாங்கத் தாளில் சொந்தப் பெயரோடு ஏறினார். அதைச் செய்தது பள்ளிக்கூடமா, வாக்காளர் பட்டியலா?

அடுத்தது, உண்மையான பரீட்சை. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடிநிலை வந்தது. ரயில் நேரத்துக்கு வருகிறது, அலுவலகத்தில் ஆள் இருக்கிறார் என்று பாராட்டியவர்களில் நடுத்தர வர்க்கத்துப் படிப்பாளிகள் ஏராளம். அரசு ஒருவரைச் சட்டவிரோதமாகவே அடைத்துவைத்தாலும் அவர் நீதிமன்றக் கதவைத் தட்ட முடியாது என்று 1976 ஏப்ரலில் தீர்ப்பளித்தது உச்ச நீதிமன்றம். ஐந்து நீதிபதிகளில் நால்வர் அதற்கு உடன்பட்டார்கள், எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்தார். அந்த நால்வருக்கும் படிப்பில் என்ன குறை?

1977 மார்ச்சில் பொதுத்தேர்தல் பெட்டிகளைத் திறந்தார்கள். உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளில் ஆளும் காங்கிரசுக்கு ஒன்றுகூட இல்லை. பீகாரில் 54க்கு ஒன்றுகூட இல்லை. 1971 கணக்கெடுப்பின்படி, இந்த இரு மாநிலங்களிலும் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். அதே கணக்கெடுப்பில் 60 சதவீத எழுத்தறிவோடு நாட்டிலேயே முன்வரிசையில் நின்ற கேரளம், 20 தொகுதிகளையும் காங்கிரஸ் அணிக்கே கொடுத்தது. தமிழ்நாடும் 39ல் 34ஐ அ.தி.மு.க.–காங்கிரஸ் அணிக்குக் கொடுத்தது. நெருக்கடிநிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடையின் கொடுமை வடக்கில்தான் உச்சத்தில் இருந்தது, தெற்குக்கு அந்தச் சூடு அவ்வளவாகப் படவில்லை என்று ஒருவர் சொல்லலாம். ஒப்புக்கொள்ள வேண்டிய விளக்கம்தான். ஆனால் அந்த விளக்கமே எதிர்த்தரப்பைக் கவிழ்க்கிறது. சுதந்திரம் பறிபோனதை உணரவைத்தது உடம்பில் பட்ட அனுபவம். சான்றிதழுக்கு அதில் பங்கில்லை.

2. படிப்பே காவல் என்றால் ஜெர்மனி காப்பாற்றப்பட்டிருக்க வேண்டும்.

உலகின் மிகச் சிறந்த பல்கலைக்கழகங்கள் அங்கே இருந்தன. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது 1933ல். நாஜி மாணவர் அமைப்பு தேசிய மாணவர் சங்கத்தைக் கைப்பற்றியது 1931லேயே. 1933 மே 10 இரவு புத்தகங்களைத் தெருவில் போட்டு எரித்ததை முன்நின்று நடத்தியவர்கள் கல்லூரி மாணவர்கள். 1942 ஜனவரியில் வான்சே மாளிகையில் நாஜி ஆட்சியின் அதிகாரிகள் பதினைந்து பேர் கூடி யூத அழிப்பின் நிர்வாக விவரங்களைப் பேசினார்கள். அவர்களில் எட்டுப் பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள்.

3. தகுதியை அளக்கும் கோல் யார் கையில் இருக்கும்?

இந்தக் கேள்வியை மட்டும் யாரும் தொடுவதில்லை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு சின்னப் பரீட்சை வைக்கலாமே என்கிறார்கள், ஏதோ கேள்வித்தாள் வானத்திலிருந்து விழும் என்பதுபோல. அமெரிக்காவின் தென் மாநிலங்கள் அந்தப் பரீட்சையைப் பல தலைமுறைகள் நடத்திப் பார்த்தன. கேள்வி கேட்பவர் வெள்ளைக்காரப் பதிவாளர், பதில் சொல்பவர் கறுப்பினத்தவர், மதிப்பெண் போடுபவர் மறுபடியும் அதே பதிவாளர்.

அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி ஊரை எடுத்துக்கொள்வோம். அங்கே பெயர்பெற்ற கறுப்பினக் கல்லூரி ஒன்று உண்டு. ஊர்க் கறுப்பர்களில் பேராசிரியர்களும் மருத்துவர்களும் இருந்தார்கள். 'படித்தால் ஓட்டு' என்ற வாக்கு உண்மையானால் முதலில் பலிக்க வேண்டிய ஊர் அது. இத்தனை தடைகளையும் தாண்டி நானூறு பேர் அளவுக்குப் பதிவு செய்ததும், 1957ல் மாநிலச் சட்டமன்றம் ஊரின் எல்லையையே மாற்றி வரைந்தது. சதுரமாக இருந்த ஊர் 28 பக்கங்கள் கொண்ட கோணல்மாணல் உருவமானது. கறுப்பின வாக்காளர்களில் நான்கைந்து பேர் தவிர எல்லோரும் ஊருக்கு வெளியே போய்விட்டார்கள். 1960ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த எல்லைச் சட்டத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

அதே 1957ல் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் வேறொன்று நடந்தது. ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில், பெர்னீஸ் ராபின்சன் என்ற அழகுநிலையக்காரப் பெண் முதியவர்களுக்கு வகுப்பெடுத்தார். மாணவர்கள் பதினான்கு பேர். ஓட்டுப் பதிவுக்கு வாசித்துக் காட்ட வேண்டிய சட்டப் பகுதியை வாசிப்பது, மணியார்டர் படிவம் நிரப்புவது, இவைதான் பாடம். இந்தக் குடிமைப் பள்ளிகள் பிறகு தெற்கெங்கும் பரவின. ஓட்டு வேண்டும் என்ற தாகம் முதலில் வந்தது, எழுத்து அதன் பின்னால் வந்தது. நம்மவர்கள் சொல்லும் வரிசை தலைகீழ்.

4. ஹரியானாவில் தேறாதவர், தமிழ்நாட்டை ஒன்பது ஆண்டு ஆண்டார்.

மேலே சொன்ன 2015 தீர்ப்பு ஹரியானாவின் ஊராட்சிச் சட்டத் திருத்தம் பற்றியது. ஊராட்சித் தேர்தலில் நிற்கப் பொதுவாகப் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும்; பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் எட்டு; வார்டு உறுப்பினராக நிற்கும் பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஐந்து. வீட்டில் பயன்பாட்டில் உள்ள கழிப்பறை வேண்டும். மின்கட்டண பாக்கி கூடாது. பட்டியல் சாதிப் பெண்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இதனால் வெளியேற்றப்படுவார்கள் என்று மனுதாரர்கள் கணக்குக் காட்டினார்கள். சட்டம் செல்லும் என்றது நீதிமன்றம். ராஜஸ்தானும் இதே போன்ற விதியைக் கொண்டுவந்து, ஆட்சி மாறியபின் 2019ல் கைவிட்டது.

இப்போது காமராஜரை நினைத்துப் பாருங்கள். சிறுவனாக இருக்கும்போதே பள்ளிப்படிப்பு நின்றுபோனவர். ஹரியானாவில் அவர் வார்டு உறுப்பினர் தேர்தலுக்கு மனுப் போட்டால் மேசையிலேயே தள்ளுபடி. 1954 முதல் 1963 வரை முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்து ஊர் ஊராகப் பள்ளி திறந்தவர் அந்த மனிதர்தான். கருணாநிதி பள்ளி இறுதித் தேர்வில் தேறவில்லை, எம்.ஜி.ஆர். ஆரம்பப் பள்ளியோடு நின்றவர். இவர்களின் ஆட்சியைப் பிடிக்காதவர்கள் உண்டு, காரணங்களும் உண்டு. "பத்தாவது பாஸ் பண்ணியிருந்தால் சரியாகச் செய்திருப்பார்" என்பது மட்டும் அந்தக் காரணங்களில் ஒன்றாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இன்னொன்று. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் நிற்க எந்தப் படிப்பும் தேவையில்லை. தகுதி பற்றிய இந்தக் கவலையெல்லாம் அதிகாரத்தின் கடைசிப் படியில், முதன்முறையாகக் கால் வைக்க வரும் பெண்ணிடம் மட்டும் கறாராகக் காட்டப்படுகிறது.

5. 'ஐநூறு ரூபாய்க்கு ஓட்டை விற்கிறார்கள்' என்ற வாதம் பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

ஓட்டுக்குப் பணம் கைமாறுகிறது என்பதை மறுக்க முடியாது. தஞ்சாவூரிலும் அரவக்குறிச்சியிலும் 2016ல், ஆர்.கே. நகரில் 2017ல், வேலூரில் 2019ல் இதற்காகத் தேர்தலே நிறுத்தப்பட்டது. ஆனால் ஒரு கொடுக்கல் வாங்கலுக்கு இரண்டு பக்கம் உண்டு. வாங்கும் கிழவியின் சுருக்குப்பையைப் படம்பிடிக்கும் கேமரா, கட்டுக்கட்டாக எண்ணி, வார்டு வாரியாகப் பட்டியல் போட்டு, வீட்டுக்கு இத்தனை ஓட்டு என்று பெருக்கிப் பார்த்த கையைப் படம்பிடிப்பதில்லை. அது எழுத்தறிவில்லாதவர் செய்யக்கூடிய வேலையா?

கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் பணம் கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குள் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் அந்த வழியில் கட்சிகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பத்திரம் வாங்கியவர்களில் முதலிடம் ஒரு லாட்டரி நிறுவனத்துக்கு: 1,368 கோடி. பத்திரம் வாங்கிய நிறுவனங்களின் இயக்குநர்கள் கைநாட்டுப் பேர்வழிகள் இல்லை. கிழவி வாங்கினால் லஞ்சம், கம்பெனி கொடுத்தால் நன்கொடை. சொல்லில்கூட மரியாதை தப்பவில்லை. கிழவிக்கு ஒரு வசதியும் இருக்கிறது: வாக்குச்சாவடி மறைப்புக்குப் பின்னால் அவள் எந்தப் பொத்தானை அழுத்தினாள் என்று கொடுத்தவனால் பார்க்க முடியாது.

6. சுயசார்பு என்று எதைச் சொல்கிறோம்?

எதிர்வாதத்தின் மிக வலுவான பகுதி இது. அரசின் இலவசத்தை எதிர்பார்த்து நிற்பவர் அரசை எப்படி எதிர்த்துக் கேட்பார், சொந்தக் காலில் நிற்பவர்தானே தைரியமாகக் கேட்பார் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நகரத்தில் நன்றாகப் படித்த ஒரு குடும்பத்தின் சுயசார்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். குழாய்த் தண்ணீர் சரியில்லையா, கேன் வாட்டர். நிலத்தடி நீர் இறங்கிவிட்டதா, இன்னும் நூறு அடி ஆழத்தில் போர். கரண்ட் போனால் இன்வர்ட்டர். பள்ளியும் ஆஸ்பத்திரியும் தனியார். தெருவில் குப்பை கிடந்தால் கார்க் கண்ணாடி ஏற்றப்பட்டிருக்கிறது. கவுன்சிலர் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே இந்த வீட்டுக்கு வரவில்லை. காசு கொடுத்துப் பொதுவாழ்விலிருந்து விலகிக்கொள்வதற்குச் சுயசார்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே அரிசி எடை எவ்வளவு குறைந்தது, பருப்பு எந்த வாரம் வரவில்லை, பாமாயில் எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும். அரசாங்கத்தை நேருக்கு நேர் பார்ப்பவள் அவள்.

எண்கள் இதோ. சென்னை மாநகராட்சியின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். ஐந்தாண்டுக்கு மேல், நாட்டின் பெருநகரங்களில் ஒன்று, கவுன்சிலர் ஒருவர்கூட இல்லாமல் ஓடியது. எழுத்தறிவு 90 சதவீதமான ஊரில் அதற்காகத் தெருவில் இறங்கியவர் சொற்பம். ஒருவழியாகத் தேர்தல் வந்தபோது மாநகராட்சியில் பதிவான ஓட்டு சுமார் 44 சதவீதம். 2024 மக்களவைத் தேர்தலில் மத்திய சென்னையும் தென் சென்னையும் 54 சதவீதத்தை ஒட்டி நின்றன. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டமான தருமபுரியில் 81 சதவீதத்துக்கு மேல். வீடு மாறியவர்கள் பெயர் நீக்கப்படாமல் கிடப்பதால் நகரத்துப் பட்டியல் கொஞ்சம் ஊதியிருக்கும். அதைக் கழித்தாலும் இடைவெளி மறையாது.

7. குடிமக்களைப் பயிற்றுவிக்க வேண்டாமா? வேண்டும். எந்தப் பள்ளியில் என்பதுதான் கேள்வி.

பள்ளியில் நீதிபோதனை வகுப்பைக் கூட்டு, காலையில் இன்னொரு உறுதிமொழி சேர் என்பது வழக்கமான மருந்து. வகுப்புத் தலைவனையே ஆசிரியர் நியமிக்கும் பள்ளியில் குடிமையியல் பாடம், தண்ணீரில்லாத குளத்தில் நீச்சல் வகுப்பு.

உண்மையான வகுப்பு ஒன்று ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில் 1994 டிசம்பரில் நடந்தது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரும் உழைப்பாளர்களும் சேர்ந்து 1990ல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், ஊராட்சிப் பணிகளின் பில்களையும் வருகைப் பதிவேடுகளையும் எடுத்துவந்து திறந்தவெளியில் உரக்க வாசித்தது. கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தாளைப் படிக்கத் தெரியாது. ஆனால் தாளில் இல்லாத ஒன்று அவர்களிடம் இருந்தது: அந்த வாரம் யார் மண் சுமந்தார்கள், யார் ஊரிலேயே இல்லை, எந்தக் கட்டடம் பாதியில் நிற்கிறது என்ற விவரம். வாசிக்க ஒருவர் போதும்; பொய்யைப் பிடிக்க ஊரே தேவைப்பட்டது. 1996ல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா. 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்ற அந்தக் கோஷத்திலிருந்துதான் 2005 தகவல் உரிமைச் சட்டம் வரை பாதை நீள்கிறது. தமிழ்நாடு 1997லேயே ஒரு சட்டம் இயற்றியது உண்மை. மேலிருந்து வந்த சட்டம் அது; தகவல் தர வேண்டாத விலக்குகளின் பட்டியல்தான் அதில் நீளம்.

எழுத்து தேவையில்லை என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கைநாட்டு வைப்பவரை ஏமாற்றுவது எளிது என்பதைக் கோட் கிரானாவின் பதிவேடுகளே காட்டின. புதுக்கோட்டையில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது; கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்கே குவாரி குத்தகை கிடைத்தது. கையில் குவாரி வந்தபின் கணக்கு வெறும் பாடமாக இருக்குமா? எழுத்து வேண்டும், கட்டாயம் வேண்டும். உரிமைக்கு நுழைவுச்சீட்டாக அதை வைப்பதைத்தான் ஏற்க முடியாது.

ஊரே கூடிக் கணக்குக் கேட்கும் அந்தப் பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் திறக்கிறது. நான்காக இருந்த கிராம சபையோடு மார்ச் 22, நவம்பர் 1 என்று இரண்டு நாள் சேர்ந்திருக்கிறது. வழக்கமான ஒரு கூட்டம் இப்படி இருக்கும்: சமுதாயக்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், முன்வரிசையில் ஆண்கள், தரையில் நூறு நாள் வேலைப் பெண்கள். செயலாளர் தீர்மானங்களை மூச்சுவிடாமல் வாசிக்கிறார். இன்னொரு பக்கம் தீர்மான நோட்டு கைமாறி வருகிறது. பக்கத்தின் மேல்பாதி காலி, கையெழுத்து மட்டும் கீழே ஏறிக்கொண்டே போகிறது. பள்ளி ஆசிரியர் போட்டுவிட்டார், ஓய்வுபெற்ற வங்கிக்காரரும் போட்டுவிட்டார். நோட்டு தரைக்கு வந்ததும் ஒரு பெண் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே, "மேல ஒண்ணும் எழுதலையே, எதுக்குக் கையெழுத்து?" என்கிறாள். கூட்டத்தைக் கவனிக்க வந்த அரசுப் பற்றாளர் செல்போனிலிருந்து தலை தூக்குகிறார்.

அந்தப் பெண் எத்தனாவது படித்தாள் என்பதை வைத்து அந்தக் கேள்விக்கு மதிப்பெண் போடப் போகிறோமா?

கடைசியாக ஒன்று. 'படித்தவர்கள் கையில் நிர்வாகம்' என்ற கனவு தமிழ்நாட்டில் நனவான காலமும் உண்டு. 2016 அக்டோபருக்குப் பின் மூன்றாண்டுக்கு மேல் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களே இல்லை. தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். எல்லோரும் படித்து அரசு வேலைக்கு வந்தவர்கள். தேர்தல் நடத்தாததால் மத்திய நிதிக்குழு மானியம் நிறுத்திவைக்கப்பட்டது. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்தபோது மறுபடியும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றார்கள். மாநிலத்தில் 388 ஒன்றியங்கள், ஏறத்தாழ 12,500 ஊராட்சிகள். ஒன்றியத்துக்குச் சராசரி முப்பதுக்கு மேல். தெருவிளக்கு எரியவில்லை என்றால் முன்பு தலைவர் வீட்டுத் திண்ணையில் போய் நின்று சத்தம் போடலாம். தனி அலுவலரைப் பார்க்க பஸ் ஏறி ஒன்றிய அலுவலகம் போக வேண்டும். போனால், ஐயா கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பார்.